ஒரு ரூபாய்க் குத்துவிளக்கு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பையைக் கீழே வைத்துவிடலாமே. மடியிலேயே இருக்கட்டுமா? சரி, உங்கள் இஷ்டம். சாத்தூர்ப் பக்கமா? பையிலிருந்து பெருங்காய வாசனை வருகிறது, அதனால் கேட்டேன். காராச்சேவுதானே? என் மூக்கு பொய் சொல்லாது.

மண்டப விஷயமாக வந்திருக்கிறேன் என்றீர்கள். ஆடி மாதம் வருகிறவர்கள்தான் விவரமானவர்கள். ஆவணி பிறந்த பிறகு ஓடிவந்து, "அண்ணாச்சி, ஒரு நாள் குடுங்க" என்று கெஞ்சினால் நான் நாளுக்கு எங்கே போவேன்? கோவில்பட்டியில் மண்டபங்கள் நிறைய இருக்கின்றன. முகூர்த்தங்கள்தான் குறைச்சல்.

நீங்கள் வாய் திறக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். வாடகை போக வேறு ஏதாவது உண்டா? நீங்களும் அதைத்தான் கேட்க வாயெடுத்தீர்கள். இல்லையா? பரவாயில்லை, நியாயமான கேள்வி. நம் தெய்வானை மஹாலுக்கு வாடகை நாற்பதாயிரம். அவ்வளவுதான். ஒளிவுமறைவு கிடையாது. கரண்ட் மீட்டர்படி. சுத்தம் செய்வது தனி. தண்ணீர் லாரி தனி. ஜெனரேட்டர் தனி. அதெல்லாம் வாடகை இல்லை சார், செலவு. வாடகை வேறு, செலவு வேறு. பில் வேண்டும் என்றால் வரி உண்டு. பில் வேண்டாம் என்றால் வரி கிடையாது. தொகையை மட்டும் கொஞ்சம் ரவுண்டாக்கி வாங்கிக்கொள்வோம்.

ஒளித்து வைத்துப் பணம் பிடுங்குவது எனக்கு ஆகவே ஆகாது. ஏன் என்றால் நானே அதில் அடிபட்டவன். இந்த வருஷம்தான். கேளுங்கள், கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அதோ மேடையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு. ஆளுயரம். முதலாளி அம்மா, சிவகாமி ஆச்சி என்று பெயர், அவர்களுடைய மாமனார் மண்டபம் கட்டிய காலத்தில் சொல்லிச் செய்யவைத்தது. எல்லா ஊரிலும் விளக்கின் உச்சியில் அன்னம் இருக்கும். இதில் கிளி. மீனாட்சி கையில் இருப்பதைப் போன்ற கிளி. ஆச்சிக்கு அந்த ஜோடி என்றால் உயிர். நன்றாகப் பாருங்கள். வலப்பக்கத்து விளக்கில் கிளி இருக்கிறதா? இடப்பக்கத்தில்? இல்லை. மொட்டையாக நிற்கிறது, பார்த்தீர்களா. அதுதான் கதை.

தை மாதம் ஓயாமல் கல்யாணம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எனக்கு மனிதர்களுடைய முகம் நிற்காது சார், தேதிதான் நிற்கும். எல்லோரையும் தேதி வைத்துத்தான் கூப்பிடுவேன். தை ஐந்து பார்ட்டி, தை ஒன்பது காலைப் பார்ட்டி, இப்படி. பூ அலங்காரக்காரர்கள் விளக்கை அங்கேயும் இங்கேயும் நகர்த்துவதால் தினமும் எண்ணிப் பார்க்கிற வழக்கம் இல்லை. அந்தத் தை கழிந்து ஒருநாள் மேடையைத் துடைக்க ஏறினேன், இடப்பக்கத்து விளக்கைக் காணோம். எந்தத் தேதிக்காரர்கள் கொண்டுபோனார்கள் என்று யாருக்குத் தெரியும்? போலீஸுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போலீஸ் என்றால் ஆச்சிக்குப் போன் போகும். அவர்கள் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தார்கள். விளக்கு போய்விட்டது என்று தெரிந்தால் என் வேலை போகும். வேலை போனால் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டி இருக்கிற அறையும் போகும். நானும் என் வீட்டுக்காரி சொர்ணமும் பத்தொன்பது வருஷமாக அதில்தான் குடியிருக்கிறோம். வயது அறுபத்திரண்டு. இனி எந்த மண்டபத்தில் எனக்கு அறை கொடுப்பார்கள்? அதனால் திருட்டு இல்லை, எங்கேயோ இடம் மாறியிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆவணியில் பேத்தி கல்யாணம், அதற்கு ஆச்சி இந்த வாரமே வருகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை முதல் ஆளாக மேடையேறி இரண்டு விளக்கையும் ஏற்றுவார்கள். அதற்குள் ஜோடி சேர்ந்தாக வேண்டும்.

விளக்குச் செய்கிற நாச்சியார்கோயில் வரைக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அன்னம் வைத்துத் தருகிறோம், கிளி இல்லை என்றார்கள். நம் சமையல் காண்ட்ராக்டர் சிவசைலம்தான் யோசனை சொன்னார். "அண்ணாச்சி, மிச்சமிருக்க வெளக்க ஒரு போட்டோ எடுத்து போன்ல தேடிப் பாரும். இப்பம் எல்லாம் போன்லயே கெடைக்கி." எடுத்தேன், தேடினேன். சார், அப்படியே அச்சு அசல்! ஏதோ ஒரு ஏலத் தளம். பழைய பொருளை எல்லாம் போட்டு ஏலம் விடுகிறார்கள். அதே உயரம், அதே கிளி. அடிப்பாகத்தில் நம் விளக்கில் இருந்ததைப் போலவே ஒரு சொட்டை. பழைய விளக்கு என்றால் எல்லாம் ஒரே இடத்தில்தான் சொட்டை விழும் போலிருக்கிறது.

ஆரம்ப விலை என்ன தெரியுமா? ஒரு ரூபாய்.

சொர்ணத்திடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது நம்ம வெளக்கு மாதிரி இல்ல. நம்ம வெளக்கேதான்" என்றாள். பெண்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். "கொல்லன் என்ன ரெண்டே ரெண்டு செஞ்சுட்டுக் கடைய மூடிட்டானா?" என்றேன். "ஒரு ரூவாய்க்கு வெளக்கு குடுக்கவன் உங்ககிட்ட வேற எதையோ வாங்கப் போறான்" என்றாள். எரிச்சலாக இருந்தது.

ஏலம் கேட்டேன். ஒரு ரூபாய். மூன்று நாள் ஓடியது. என்னைத் தவிர வேறு யாருமே கேட்கவில்லை. ஊர் ஜனங்களுக்கு ரசனை செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். 'வாழ்த்துகள், நீங்கள் வென்றீர்கள்' என்று வந்தது. வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை சார்.

அப்புறம் பணம் கட்டுகிற பக்கம் திறந்தது. விலை ஒரு ரூபாய். அதற்கு வரி பதினெட்டுக் காசு. சரி, நியாயம். அனுப்பும் செலவு என்று தனியாக எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தொட்டால் உள்ளேயிருந்து குடும்பமே இறங்கி வருகிறது. பேக்கிங். பேக்கிங் செய்த இடத்தைச் சுத்தம் செய்த கூலி. காவல். ஜெனரேட்டர். சார், பார்சலுக்கு எதற்கு சார் ஜெனரேட்டர்? எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல். அந்த நாலாயிரத்துக்கு வரி தனியாக எழுநூற்றுச் சொச்சம். அந்த வரியை எங்கே போட்டிருந்தான் தெரியுமா? பணம் கட்டுகிற பொத்தானுக்கும் கீழே. பொத்தானை அமுக்கினவன் அதற்குக் கீழே எதற்குப் பார்க்கப் போகிறான்?

காசு என் கைக்காசு. ஆச்சி கணக்கில் எழுத முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன்.

பார்சல் வந்தது. பேக்கிங் என்று காசு வாங்கினானே, ஒரு பழைய பலகாரப் பெட்டி. எண்ணெய்க் கறை, ஓரத்தில் சேவுத் தூள். பிரித்தால் அடிப்பாகம் மட்டும் இருக்கிறது. வெறும் பீடம். தண்டு இல்லை, எண்ணெய்த் தட்டு இல்லை, கிளி இல்லை. அந்தத் தளத்திலேயே ஆளோடு எழுதிப் பேசலாம். எழுதினேன். "என்னய்யா, முழு வெளக்கு படத்த போட்டுட்டு அடிய மட்டும் அனுப்பிருக்கீரு?" உடனே பதில் வந்தது. "படத்தில் உள்ளவை எல்லாம் ஏலத்தில் சேராதுன்னு கீழ போட்டிருக்கே அண்ணாச்சி." போய்ப் பார்த்தேன். போட்டிருக்கிறது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் போட்டிருக்கிறது.

என்ன சார் சிரிக்கிறீர்கள்? அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிற நம் நோட்டீஸைப் பார்த்தா? அது வேறு. அதில் மேடை முழுக்கப் பூவும் வாசலில் நீரூற்றுமாக இருக்கும். பூ அலங்காரம் வாடகையில் சேராது என்று எல்லோருக்கும் தெரியும். நீரூற்று ஓடி வருஷமாகிறது. மண்டபத்துப் படம் என்றால் அப்படித்தான் இருக்கும். அது வழக்கம். பார்சலுக்கு அப்படி வழக்கம் உண்டா?

ஜெனரேட்டரைப் பற்றி விடாமல் கேட்டேன். அவன் எழுதினான்: "ஸ்டாண்ட்-பை அண்ணாச்சி." "பேக் பண்ணும்போது கரண்ட் போச்சாவே?" என்றேன். "போகல. போயிருந்தா?" என்று எழுதினான்.

போனைக் கீழே வைத்துவிட்டேன் சார். ஏனென்றால் அதற்குப் பதில் கிடையாது. எனக்கே தெரியும். எங்களுடைய பேச்சு அது. இதே நாற்காலிக்கு முன்னால் நின்று தை ஒன்பது காலைப் பார்ட்டி கேட்டார். பெண்ணுக்கு அப்பா. தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேன். "அண்ணாச்சி, கரண்டே போகலையே, ஜெனரேட்டருக்கு நாலாயிரம் போட்டிருக்கீகளே" என்றார். "போயிருந்தா? தாலி கட்டுற நேரத்துல இருட்டாயிருந்தா?" என்றேன். பாவம், நல்ல மனுஷன். டெபாசிட் பதினைந்தாயிரம் கட்டியிருந்தார். சுத்தம், தண்ணீர், வாட்ச்மேன், சுவரில் ஆணி அடித்தது, நேரம் தாண்டியது, எல்லாம் கழித்து எழுநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த எழுநூறைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பத்து ரூபாய் குறைகிறதா என்று எண்ணுகிறார் போல என்று நினைத்தேன். எண்ணவில்லை. சும்மா நின்றார்.

நேரம் தாண்டியது என்றால், மூன்று மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், சாயங்காலப் பார்ட்டி வந்துவிடும். அன்றைக்கு அவர்கள் சீர்ப் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டா, குடம், குத்துவிளக்கு, எவர்சில்வர் என்று மேடையில் பரப்பி வைத்திருந்ததை எல்லாம் தூக்கித் தூக்கிக் கொடுக்கிறார்கள். மணி மூன்று. நான் மெயினை இறக்கிவிட்டேன். மின்விசிறி நின்றால்தான் சார் ஜனங்கள் நகரும். இருபது வருஷ அனுபவம். கூட்டம் அரக்கப்பரக்க அள்ளி ஏற்றிக்கொண்டு போனது. அதற்குள் இருபது நிமிஷம் தாண்டிவிட்டது. இருபது நிமிஷம் என்றாலும் எங்களுக்கு அது ஒரு மணி நேரம்தான்.

அதோடு விட்டார்களா? மறுநாளிலிருந்து போன். ஒரே நம்பர், பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். எனக்குத் தெரியாதா, டெபாசிட்டுக்கு அழுவார்கள். முதல் தடவை எடுத்தேன். "அண்ணாச்சி, தை ஒம்பதுங்க, ஒங்க..." என்று ஒரு ஆண்குரல். "கணக்கு முடிஞ்சுபோச்சு, வைங்க" என்று வைத்துவிட்டேன். அப்புறம் அந்த நம்பரையே பிளாக் செய்துவிட்டேன். இந்தத் தொழிலில் இளகினால் பிழைக்க முடியாது.

எங்கே விட்டேன்? ஆம், ஜெனரேட்டர். அவனும் ஏதோ மண்டபத்தில் வேலை பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன்.

வைகாசியில் தண்டு ஏலத்துக்கு வந்தது. ஒரு ரூபாய். இந்தத் தடவை அம்புக்குறியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். தொட்டுப் பார்த்து என்ன பிரயோஜனம்? கேட்காமல் இருக்க முடியுமா? அடிப்பாகம் வாங்கியவன் தண்டு வாங்கித்தானே தீர வேண்டும். அந்த அயோக்கியனுக்கு அது தெரியும். நம் மண்டபத்திலும் பாத்திரம் எங்களிடம்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. பத்திரிகை அடித்த பிறகுதான் சொல்லுவோம். பத்திரிகை அடித்தவர்கள் எங்கே போவார்கள்? அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது சார். இவன் செய்தது கொள்ளை.

தண்டுக்குப் போட்ட செலவில் புதிதாக இரண்டு இருந்தன. தண்ணீர் என்று ஒன்று. பித்தளைத் தண்டுக்குத் தண்ணீர்! "தாகம் எடுக்குமாவே அதுக்கு?" என்று எழுதினேன். "பேக் பண்ணுறவங்களுக்கு எடுக்கும்லா" என்றான். இன்னொன்று, ஆணி அடித்த கூலி. பெட்டியில் ஒரு ஆணி கூட இல்லை. கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

ஆனியில் எண்ணெய்த் தட்டு. அதில் நேரம் தாண்டிய கட்டணம் போட்டிருந்தான். ஏலம் முடிந்து இருபது நிமிஷம் கழித்துப் பணம் கட்டினேனாம், அதற்கு ஒரு மணி நேரக் காசு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று எழுதினேன். அவன் ரொம்ப மரியாதையாக, "பில் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டான். பில் கிடையாது. பில் வேண்டும் என்றால் இன்னும் ஒரு வரி என்று சொல்லியிருந்தான், நான்தான் வேண்டாம் என்றேன்.

மூன்று பார்சலுக்கும் வரி கிரி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். பதினாலாயிரத்து முந்நூறு. ஏலத்தொகை மூன்று ரூபாய் தனி. பதினாலாயிரத்து முந்நூறு என்ற தொகையை எங்கேயோ பார்த்த ஞாபகம் சார். எங்கே என்றுதான் வரவில்லை. தூக்கத்தில் கூட வருகிறது. சொர்ணம் என்னவோ சொல்ல வந்தாள். நீ சும்மா இரு என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கிளி மட்டும் பாக்கி. ஆடி பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், கிளியை அவன் ஏலத்துக்கே போடவில்லை. எழுதினால் பதிலும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆச்சி வந்துவிடுவார்கள். நேற்று எழுதிவிட்டேன் சார், வெட்கத்தைவிட்டு: 'கிளிக்கு எவ்வளவு கேட்டாலும் தருகிறேன். அம்புக்குறியைத் தொட மாட்டேன்.' அதற்கும் பதில் இல்லை. சொர்ணம் மாவில் ஒரு கிளி பிடித்து மஞ்சள் பூசிப் பார்த்தாள். காக்கா மாதிரி வந்தது.

இப்போது சொல்லுங்கள். இவ்வளவு அடிபட்டவன் உங்களிடம் எதையாவது ஒளிப்பேனா? கல்யாணம் யாருக்கு? மகளுக்கா? எந்தத் தேதி பார்த்திருக்கிறீர்கள்?

என்ன சார், பையைத் திறக்கிறீர்கள்? அட, சேவெல்லாம் எதற்கு? எனக்குக் காரம் ஆகாது... என்ன இது, கனக்கிறதே. பேப்பரில் சுற்றி...

சார்.

இது கிளி.

இது நம் கிளி. மூக்கில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், பாருங்கள், இருக்கிறது. நான்தான் முதல் வருஷம் கீழே போட்டேன், ஆச்சிக்குக் கூடத் தெரியாது. இது எப்படி உங்களிடம்...

என்ன தேதி? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

தை ஒன்பதா. காலையா.

பெண்ணுக்குத் தாய்மாமனா நீங்கள்? சாத்தூரில் சேவுக்கடை. ஆமாம், ஆமாம், அந்தப் பலகாரப் பெட்டி. நம் விளக்கு உங்கள் சீர்ப் பாத்திரத்தோடு வேனில் ஏறிவிட்டதா? மின்விசிறியை நிறுத்திய அவசரத்திலா? அதைச் சொல்லவா சார் அத்தனை தடவை போன் செய்தீர்கள்? வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லவா? நான் நம்பரை பிளாக் செய்த பிறகுதான் ஏலத்தில் போட்டீர்களா? நான் டெபாசிட் என்று நினைத்தேன். வேறு எதற்கு ஒரு மனிதன் போன் செய்வான் என்று...

இருங்கள், இருங்கள். எழுநூறும் பதினாலாயிரத்து முந்நூறும். பதினைந்தாயிரம். அடடா. அதுதானா அந்தத் தொகை. என்ன, மச்சானிடம் முழுசாகக் கொடுத்துவிட்டீர்களா? என்ன சொன்னார் அந்த ஃபோர்மேன்? கிளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாரா? அவரா சொன்னார்?

சரி சார். நடந்தது நடந்துவிட்டது. நான் கோபப்படவில்லை. இப்போது கிளிக்கு எவ்வளவு?

ஒன்றும் இல்லை என்றால்? ஒரு ரூபாயா? ஒரு ரூபாய் கூட இல்லையா? அனுப்பும் செலவு? சரி, அனுப்பவில்லை, நேரில் வந்தீர்கள். பஸ் சார்ஜ் இருக்குமே. கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள், ஒருநாள் வியாபாரம் போயிருக்குமே. பேப்பர் சுற்றிய கூலி? இத்தனை மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள், காவல்? எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறீர்கள், பளபளக்கிறது. அதற்கு?

எழுந்திருக்காதீர்கள் சார். சும்மா என்று ஒன்று உலகத்தில் கிடையாது, இருபது வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன். உள்ளே எதையோ வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை ஆச்சி எதிரில் வந்து கேட்பீர்களா? நான் இல்லாத நேரம் பார்த்து சொர்ணத்திடம் கேட்பீர்களா? வேண்டாம் சார், அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். என்னவோ அதை இப்போதே சொல்லிவிடுங்கள், வரியோடு சேர்த்துச் சொன்னாலும் சரி.

சொர்ணம்! ஏ சொர்ணம், சாருக்குக் காப்பி கொண்டு வா! காப்பிக்குக் காசில்லை சார், நிஜமாகவே இல்லை. ஏன் படியிறங்குகிறீர்கள்? செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல்... சார், நில்லுங்கள். எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் இன்னும் கிளியை விளக்கில் திருகவில்லை சார். இதோ பாருங்கள், கையில்தான் வைத்திருக்கிறேன்.